ஒல்லியின் டிக்கெட் விலை

“தொண்ணூத்திரண்டுல ஒரு கிலோ ரொட்டி என்ன விலை?” என்று இர்மா கேட்டதும் ஆஸ்பத்திரிக் கான்டீன்காரர் காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னிக்குக் காலையில என்ன விலைன்னே எனக்கு மறந்துபோச்சு, சென்யோரா.”

வரிசையில் நின்ற நோயாளிப் பெண் ஒருத்தி முந்திக்கொண்டாள். “ஒண்ணரை பெசோ. அந்த வருஷந்தான் எனக்குக் கல்யாணம், நல்லா ஞாபகமிருக்கு.”

“எங்க தெருவுல ஒண்ணேகால்தான்,” என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர்.

“உங்க தெரு ரொட்டியில பாதி மரத்தூளா இருந்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். இர்மாவுக்குச் சிரிக்க நேரமில்லை. ஒன்றரை என்று குறித்துக்கொண்டாள். விலைப்பலகையில் காப்பியும் மூன்று பிறைரொட்டியும் நேற்று ஆயிரத்து முந்நூறாக இருந்தது. இன்று அதன்மேல் ஒட்டிய தாளில் ஆயிரத்து ஐந்நூறு. அதையும் குறித்துக்கொண்டாள். நாணயத்தின் மதிப்பு விழுந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. புவெனஸ் ஐரஸ் முழுக்கக் கடைக்காரர்கள் பேனாவும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

மேலே நாலாம் மாடியில் அவள் அண்ணன் அனிபால் படுத்திருந்தான். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். ஊரில் யாருக்கும் அவன் அனிபால் இல்லை, ஒல்லிதான். போயெதோ பகுதியில் தொண்ணூறு நாற்காலி போட்ட சிறிய நாடகக் கொட்டகை ஒன்றின் டிக்கெட் ஜன்னலில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவன். கொட்டகை நடிகர்களுக்கே கூட்டாகச் சொந்தம். வசூலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாடகை கட்ட முடியாமல் இந்த மாதக் கடைசியில் அதை மூடுகிறார்கள்.

ஒல்லியை அரித்துக்கொண்டிருந்தது அது அல்ல. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இருபது வருடமாக வாராவாரம் வந்துகொண்டிருந்த அபெலார்தோ என்ற ஓய்வுபெற்ற தையல்காரர் ஜன்னலுக்கு வந்தார். விலையைக் கேட்டார். பாக்கெட்டுக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார். “நீயும் திருடனாயிட்டியே, ஒல்லி,” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை.

இன்று காலை பிராணவாயு முகமூடியை ஒருபக்கம் தள்ளிவிட்டு ஒல்லி கேட்டான்: “குண்டு, நீ கணக்கு டீச்சர்தானே? போட்டுப் பாத்துச் சொல்லு. விலைவாசியைத் தாண்டி நான் ஏத்திட்டேனா?”

இர்மா ஆயுசில் குண்டாக இருந்ததில்லை.

“இப்ப எதுக்குடா அது?”

“இப்ப இல்லாம எப்ப?”

ஒவ்வொரு வருடத்து டிக்கெட் விலையையும் அவனே மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். தொண்ணூற்றிரண்டில் எட்டு பெசோ. இன்று இரண்டாயிரம். எட்டு எங்கே, இரண்டாயிரம் எங்கே! அந்த இரண்டு எண்களையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அவன் மூன்று மாதமாகத் தூங்காமல் கிடந்திருக்கிறான்.

அரசாங்கப் புள்ளிவிவரத்தை வைத்துக் கணக்கை முடிக்கலாம் என்றுதான் இர்மா நினைத்தாள். ஆனால் இடையில் எட்டொன்பது வருடம் அந்தப் புள்ளிவிவரத்தை ஊரில் ஒருவரும் நம்பியதில்லை. அதனால்தான் ரொட்டியைப் பிடித்தாள்.

வார்டுக்கு வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து வகுத்தாள். அன்றைய டிக்கெட் காசுக்கு ஐந்து கிலோ ரொட்டிக்கு மேல் வாங்கலாம். இன்றைய டிக்கெட் காசுக்கு இரண்டரை கிலோதான். காப்பியும் பிறைரொட்டியும் அன்று மூன்று பெசோ. அந்தக் கணக்கிலும் டிக்கெட் சரிபாதிக்கு இறங்கியிருந்தது. பஸ் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் மட்டும் ஏறியிருந்தது. ஆனால் பஸ் மானியத்தில் ஓடுகிறது. அவள் அதை அடித்தாள்.

அண்ணன் திருடன் இல்லை. எழுந்து உள்ளே ஓடப்போனவள் இரண்டாவது அடியிலேயே நின்றுவிட்டாள்.

விலைவாசியோடு கூடவே ஏறியிருந்தால் டிக்கெட் இன்று நாலாயிரம். வாடகை கட்டியிருக்கலாம். நடிகர்களின் பங்கு இரண்டு மடங்காகியிருக்கும். விலையை ஏற்றச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒல்லிதான் எழுந்து நின்று மறித்தான். “ஜன்னல்ல அவங்க முகத்தைப் பாக்குறது நான். நீங்க வெளிச்சத்துல நிக்கிறீங்க, எதிர்ல யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது,” என்பான். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

“ஏறல” என்று சொன்னால் அவன் விடமாட்டான். “எவ்வளவு கீழ?” என்பான். அதைச் சொன்ன மறுநிமிடம் மீதிக் கணக்கை அவனே போட்டுவிடுவான். பொய் சொல்லவும் இர்மாவால் முடியாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ஜாதி அவள். சின்ன வயதிலிருந்தே அவனிடம் மாட்டிக்கொள்வது அந்தக் காதால்தான்.

“என்ன வந்துச்சு?”

நிமிர்ந்தாள். பெர்லா நின்றுகொண்டிருந்தாள்; ஒல்லி கேட்ட கணக்கு அவளுக்கும் தெரியும். கொட்டகையை ஆரம்பித்த நாளிலிருந்து நடிப்பவள்; காலையில் சலவைக்கடையில் துணி தேய்த்துவிட்டுச் சாயங்காலம் ராணியாக வேஷம் கட்டுபவள். விலையை ஏற்றச் சொல்லி நாலு முறை கேட்டவளும் அவள்தான். இர்மா தாளைக் கவிழ்த்தாள். பெர்லா மெதுவாக அதைத் திருப்பி எண்களைப் பார்த்தாள்.

“பாதியா?”

“பாதி.”

பெர்லா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கோட்டுப் பொத்தானைப் போட்டாள், மறுபடி கழற்றினாள்.

“நீ வாயைத் திறக்காதே. உன் காது காட்டிக்குடுத்துடும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒல்லி கண்ணைத் திறந்தான். பெர்லா குனிந்து, அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும் அந்தக் குரலில் சொன்னாள்:

“சமம், ஒல்லி. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. விலைவாசியோட கையைக் கோத்துக்கிட்டு நடந்திருக்கு உன் டிக்கெட்.”

“குண்டு?”

இர்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்ப அபெலார்தோவைக் கூப்பிடு. அவன்கிட்டச் சொல்லு.”

எண் அவனுக்கு மனப்பாடம். இர்மா நடைபாதைக்கு வந்து அழைத்தாள். தான் யார், அண்ணன் எந்த நிலையில் இருக்கிறான் என்று சொல்லி, ‘சமம்’ என்பதையும் அவசரமாகச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் அபெலார்தோ அவளை மேலே பேசவிடவில்லை.

“விலை என்ன பண்ணும்மா? பென்ஷன் பணம் மருந்துக்கே பத்தல. காசில்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாய்ல வந்தது அந்தச் சொல்லு.”

இதைச் சொல்லலாமா கூடாதா என்று இர்மா தயங்கியபடி உள்ளே போனாள். ஒல்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டாள்.

“அட முட்டாள்,” என்றான் ஒல்லி. “கேட்டிருந்தா சும்மா உள்ள விட்டிருப்பேனே.”

“அது எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் பெர்லா.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. நர்ஸ் வந்து முகமூடியைச் சரிசெய்தாள். மத்தியானம் மூன்றரை மணிக்கு, பெர்லா அவன் காலை நீவிவிட்டுக்கொண்டிருக்கும்போது, மூச்சு அடங்கியது. இர்மா அடுத்த மூச்சுக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குக் கொட்டகையிலிருந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் குளிர். போயெதோ தெருவில் சவவண்டி நின்றது. பின்னால் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது. நடிகன் இறந்தால் பெட்டி வாசலைத் தாண்டும்போது கைதட்டுவார்கள். டிக்கெட் விற்றவனுக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்குகிறவர்களின் காலடி மட்டும் கேட்டது.

பெர்லா தட்டினாள். முதலில் தனியாக. பிறகு அவள் பக்கத்தில் ஒருவர், அப்புறம் எல்லோரும். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். இர்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் தட்டினாள்.

வண்டியின் கதவைச் சாத்தினார்கள். கைதட்டல் ஓய்ந்தது. பெர்லாவின் கைகள் மட்டும் நிற்கவில்லை. குளிரில் அவள் உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன.