ஒரே தட்டில் ரெண்டு டிஸ்க்

என் பொண்டாட்டி ஹைட்ருனோட தொண்டையைப் புற்றுநோய் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருந்த குரலைத் தொலைச்சவன் நான்.

போன பிப்ரவரியில டாக்டர் தேதி குறிச்சார். ஏப்ரல்ல ஆபரேஷன், குரல்வளையையே எடுத்திடுவாங்களாம். அதுக்குள்ள அறுநூறு வாக்கியம் வாசிச்சுப் பதிவு பண்ணிட்டா, அப்புறம் அவ எழுத்தைத் தட்டத் தட்ட ஒரு கருவி அவ சொந்தக் குரல்லயே பேசும்னு சொன்னாங்க. மூணு வாரம் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து வாசிச்சா. நடுவுல இருமுவா, தண்ணி குடிப்பா, உளறிட்டுச் சிரிப்பா. எதையும் வெட்டாம அப்படியே ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல பதிச்சு வச்சேன்.

அதையெல்லாம் இணையத்துல ஏத்தி ஒரு நிறுவனத்துக்கு அனுப்பணும். அங்கதான் எனக்குப் பிடிவாதம் பிடிச்சுது. கிளவுட்னு அழகாப் பேர் வச்சிருக்கான், எவனோ ஒருத்தன் வீட்டு நிலவறைதானே அது? எங்க வீட்டுக் குரலை ஊர் பேர் தெரியாதவன்கிட்ட குடுக்கணுமா? முப்பத்தஞ்சு வருஷம் நில அளவைத் துறையில குப்பை கொட்டினவன் நான். ஒரு வரைபடம்கூட என் கையில தொலைஞ்சதில்ல. இணையமே இல்லாம செஞ்சு தர ஆள் கிடைக்கும், பொறுன்னு தேடிக்கிட்டே இருந்தேன்.

காஸல் நகரத்துல இருந்து எங்க மக வீப்கே வந்து சண்டை பிடிச்சா. கடைசியில அவளே இறங்கி வந்தா.

"அப்பா, கிளவுட் வேணாம்னா போகட்டும். ஒரு டிஸ்க்கையாவது என்கிட்ட குடுங்க."

குடுக்கல. ஒரு இனம்னா ஒரே இடத்துல இருக்கணும், அது எங்க வீட்டுச் சட்டம். நிலவறையில ஊறப்போட்ட வெள்ளரிக்கா ஒரு தட்டுல, காருக்குப் பனிக்காலத்துல மாட்டுற டயர் ஒரு மூலையில, வரிக் காகிதம் ஒரு கோப்புல. ரெண்டு டிஸ்க்குக்கும் சீட்டு ஒட்டி நிலவறையிலேயே கீழ்த் தட்டுல பக்கத்துல பக்கத்துல வச்சேன். மாசம் முதல் தேதி ரெண்டையும் சொருகிச் சரிபார்ப்பேன். லேப்டாப்ல இருந்ததை அழிச்சிட்டேன், அது இணையத்தோட ஒட்டினதாச்சே. ரெண்டு பிரதி இருக்குன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சேன். முட்டாப் பய.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஜூன்ல ஒருநாள் மத்தியானம் நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப மழை பிச்சுக்கிட்டு ஊத்துச்சு. தெருச் சாக்கடை எதிர்த்து ஏறி நிலவறைக்குள்ள வந்திருச்சு. இடுப்பளவு சேத்துத் தண்ணியில துழாவி ரெண்டையும் எடுத்தேன். கெட்டுப்போன டிஸ்க்குல இருக்கிறதை மீட்டுத் தர்றவன் ரெண்டு வாரம் வச்சிருந்துட்டு, ஒரு வாக்கியம்கூடத் தேறலைன்னு எழுதினான்.

வேற எங்கயாவது இருக்கான்னு வீட்டையே புரட்டிப் போட்டேன். பழைய வீடியோவுல நாங்க எல்லாரும் பேசுறோம். கேமராவைப் பிடிச்சவ அவ, வாயே திறக்கல. வீப்கே போன்ல அவ பேசி அனுப்பின ஒரே ஒரு குரல் தகவல் இருந்துச்சு, பதினோரு நொடி. குரல் செய்ய அது காணாதுன்னு அந்த நிறுவனத்துல சொல்லிட்டாங்க.

கருவியில ஏற்கனவே இருந்த குரல்ல ஒண்ணை ஹைட்ருன் எடுத்துக்கிட்டா. டிஸ்க்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவ மன்னிச்சிட்டான்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, பிளம் கேக்கும் காபியுமா உட்கார்ந்திருந்தோம். புதுசா ரெண்டு டிஸ்க் வாங்கலாம், ஒண்ணை வீப்கே வீட்டுல வச்சிடலாம்னு ஆரம்பிச்சேன். அவ முள்கரண்டியைக் கீழ வச்சா. மூஞ்சி செவந்து போச்சு. கருவியில ரெண்டு தடவை அழிச்சு அழிச்சுத் தட்டினா.

"வைக்கிறதுக்கு என்ன இருக்கு, ஒட்மார்? அன்னிக்கு அனுப்பலாமா வேணாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அது என் குரல்."

கேட்கல. நானும் வீப்கேயும்தான் கத்திக்கிட்டிருந்தோம். அவ அப்ப இதே மேசையில உட்கார்ந்து வாசிச்சுக்கிட்டிருந்தா.

கோபமெல்லாம் அவ விரல்லயே நின்னு போச்சு. கருவி அதை, மூணாம் நடைமேடைக்கு ரயில் மாத்தி விடப்பட்டிருக்குன்னு சொல்ற பொண்ணு மாதிரி, பணிவா, இனிமையாச் சொல்லிச்சு. நாப்பது வருஷமா அவகிட்ட திட்டு வாங்கினவன் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ தொண்டை கிழிய என்னைத் திட்ட மாட்டாளான்னு இருந்துச்சு.