சிவப்புத் தூண்

எண்பத்திரண்டில் எங்கள் மருதமுனை நெசவுச் சங்கத்துக்கு வந்த மனேஜர் ஜெமீல், இடுப்பில் கட்டும் சாரன்களின் வருட விற்பனையை, நிறத்துக்கு ஒரு தூணாகச் சுவரில் வரைபடமாக ஒட்டினார். அதிகம் விற்ற நீலச் சாரனின் தூண் கண்ணைப் பறிக்கட்டும் என்று அதற்குச் சிவப்புப் பூசினார். பெயரைப் பொடி எழுத்தில் கீழே போட்டார். நிறம் பார்த்தே நூல் எடுத்துப் பழகிய நாங்கள் சிவப்புச் சாரனாக நெய்து குவித்தோம். அது விற்கவேயில்லை.

"கீழ எழுதிக் கிடக்கே, வாசிக்கல்லியா?" என்று கத்தினார் மனேஜர்.

"நீலத்தச் சிவப்பால காட்டினா ஆரு சேர் வாசிக்கிற?" என்று நானும் கத்தினேன்.

அடுத்த வருடம், வம்பே வேண்டாமென்று எல்லாத் தூண்களையும் கறுப்பிலேயே வரைந்தார். எங்கள் மூத்த நெசவாளி உதுமாலெவ்வை அதைப் பார்த்துக் கவலையோடு கேட்டார்:

"இவ்வளவு கறுப்புச் சாரனையும் ஆரு சேர் உடுக்கப் போறாங்க?"