எட்டு வயது கூட்டி வரைந்த முகம்

தடதடவென்று கதவு அதிர்ந்தது. கையிலிருந்த பிரஷ் நழுவித் தரையில் செம்பழுப்பாக ஒரு கோடு இழுத்தது.

"எங்க வீட்டுக்காரர்தான்," என்றார், படம் வரையச் சொல்லியிருந்த அம்மாள், ஸ்டூலை விட்டு எழாமலே. "இந்தக் கதவு தட்டற சத்தத்தை முப்பத்தாறு வருஷமா கேக்கறேன்."

தவறு என்னுடையது.

விடுமுறைப் பரிசுக்கு முகம் வரைந்து தருவது என் பிழைப்பு. வருஷக் கடைசியில் அறையில் கால் வைக்க இடமிருக்காது. இப்போதும் பதினொரு முகங்கள் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று, ஊழியர்கள் சேர்ந்து மேனேஜருக்குத் தரப்போவது. "சிரிக்கிற மாதிரி போடுங்க. நாங்க பார்த்ததில்ல, நீங்களாவது பாருங்க" என்று சொல்லியிருந்தார்கள்.

பென்சில் கோடு, பழுப்பு நிழல், வண்ணம், கடைசியாகக் கண். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் போட்டோ எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவேன். இந்த அம்மாள் மட்டும், "அனுப்பாதீங்க. எனக்கும் அவருக்கும் ஒரே போன். நானே வந்து பார்த்துக்கறேன்" என்றிருந்தார். இன்று காலை எல்லோருக்கும் அனுப்பும்போது, பழக்க தோஷத்தில் இதையும் அனுப்பித் தொலைத்தேன். கீழே என் விலாசத்தோடு!

படத்தில் இருப்பது இவர்களுடைய மகன். எட்டு வருஷத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவன். இதே ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். 'அவன் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது' என்ற அப்பாவின் உத்தரவு மட்டும் இன்னும் தேயவில்லை.

அம்மாள் கொண்டுவந்தது பழைய போட்டோ. "இதுல எட்டு வயசு கூட்டிப் போடணும்." பென்சில் கட்டத்தில், "கன்னம் இப்ப கொஞ்சம் பூசியிருக்கு" என்றார். பழுப்புக் கட்டத்தில், "முன்பக்கம் முடி கொட்டிருக்கு, அப்பனை மாதிரியே." வண்ணம் ஏறும்போது, "வெள்ளிக் கம்பிக் கண்ணாடி போட்டிருக்கான்."

"போய்ப் பேசினீங்களாம்மா?"

"எங்க பேசறது? மாசம் ஒருதடவை அந்தக் கடை வழியா பஸ்ல போவேன். சிக்னல்ல சிவப்பு விழுந்தா பார்ப்பேன். விழலன்னா அடுத்த மாசம்தான்."

பரிசு அந்த அப்பாவுக்கே. "இதைச் சுவத்துல மாட்ட விட்டார்னா, அன்னிக்கே புள்ளைக்குப் போன் போட்டு வாடான்னுடுவேன். கிழிச்சுப் போட்டார்னா..."

மறுபடியும் தடதட. திறந்தேன்.

"பெல்லு செத்துப் போச்சும்மா உங்க வீட்டுல," என்று மூச்சிரைக்க உள்ளே வந்தவர், மனைவியைப் பார்த்தார். "பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொன்ன?"

"பல்லும் வலிக்குதுங்க."

அவர் நேராகப் படத்தின் முன் போய் நின்றார். அம்மாள் குறுக்கே கையை நீட்டினார். "திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அதுல கை வைக்காதீங்க. இன்னும் ஈரம் காயல."

அவர் கை வைக்கவில்லை. குனிந்து கன்னத்தைப் பார்த்தார். ஏறிப்போன நெற்றியைப் பார்த்தார். கண் வரையாத அந்தக் கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கண்ணு வரையறதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் ஓடி வந்தேன்மா. இது பழைய கண்ணாடி. திங்கக்கிழமையில இருந்து கறுப்பு ஃப்ரேம் போட்டுட்டிருக்கான்."