முள்ளு அனுப்பிய நாற்பது விநாடி

1

இந்தக் கதை என் வெட்கக்கேட்டில் பிறந்தது. நானும் ஒருகாலத்தில் பொய்ப்பெயரில் ஒருவரை இணையத்தில் வறுத்தெடுத்திருக்கிறேன். ஆகவே இதில் வரும் வம்புக்காரனுக்கு நான் பரிந்து பேசினால் கொஞ்சம் உஷாராகவே இருங்கள்.

2

'மழை விட்டிருந்த ஒரு...' வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். பேச்சு திக்கும். தன்னைப் போன்றவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறாள். அதில் புனைபெயரில் எழுதலாம். சேரும்போது மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லிக் குரல்பதிவு ஒன்றை அவள் போனுக்கு அனுப்ப வேண்டும். (அவர்களுக்குச் சொல்லக் கஷ்டமான வார்த்தையே அதுதான்.) கூட்டம் பெருகியதும் வந்த பதிவுகளைப் போட்டுக் கேட்காமலேயே சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். தப்பு அங்கேதான் நடந்தது.

3

பஸ் கண்டக்டர் ஒருவர், தான் ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்லிப் பழகுவதைப் பதிவுசெய்து குழுவில் போட்டார். 'முள்ளு' என்ற ஆசாமி கீழே எழுதினான்: "இவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ் டிப்போவுக்கே போயிடும்."

(இந்த வரியை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. மன்னியுங்கள்.)

கண்டக்டர் குழுவைவிட்டுப் போய்விட்டார். முள்ளு யார் என்று எல்லோரும் கொதித்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் அவள், அவன் சேரும்போது அனுப்பிய பதிவைத் தேடிக் கேட்டாள். நாற்பது விநாடி. ஒரே எழுத்தில் முட்டி முட்டி மூச்சு வாங்குகிறான். பெயர் வரவேயில்லை.

கடைக் கவுன்ட்டரில் இருக்கும் அக்காவும் கிட்டே வந்து காது கொடுத்தாள்.

"போடுடி குழுவுல. நாறட்டும் அவன் பொழப்பு."

"அ... அவனும் நம்மாளுதான்க்கா."

"அப்ப அந்த கண்டக்டர் யாராம்?"

அவள் அந்தப் பதிவையே மறுபடி ஓடவிட்டாள். அக்கா கேட்டதும் நியாயம்தான்.

4

முடிவு ஒன்று: பதிவைப் போட்டுவிடுகிறாள், குழுவே கைதட்டுகிறது. எழுதினேன், ருசித்தது, அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: முள்ளு அழுது மன்னிப்புக் கேட்டு, கண்டக்டர் வந்து அவனை... சர்க்கரை தூக்கல்.

மூன்றாவதில் அவள் பதிவு வந்த எண்ணுக்கு போன் போடுகிறாள். போன் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் மெசேஜ் அனுப்பித் தப்பிப்பவள் அவள். அவன் எடுக்கிறான். "ந... ந..." என்று இவள் ஆரம்பிக்கிறாள். அந்தப் பக்கமும் ஒரு எழுத்து முட்டுகிறது. இரண்டு பேரும் வைக்கவில்லை.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் அவசரப்பட்டு அவர்கள் வாக்கியத்தை முடித்துக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யப் போவதில்லை. தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.