சித்தி அனுப்பிய வீடியோ

பொறுமைக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அம்மாவின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் அனுப்பிய வாழ்த்து வீடியோக்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலையை என் தலையில் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கட்டினார்கள்.

தம்பி அனுப்பியது ஒரு ஃபார்மேட், மாமா அனுப்பியது இன்னொன்று. சித்தியோ ஏதோ பழைய கேமராவில் எடுத்திருந்தாள்; அது என் கம்ப்யூட்டரில் முரண்டு பிடித்துத்தான் திறந்தது. ஆனால் எனக்கு முக்கியமே சித்தியின் வீடியோதான். அவளும் அம்மாவும் பேசி மூன்று வருஷமாகிறது. இருவருக்கும் பொதுவாக இருந்த தையல் மெஷினை, அம்மாவைக் கேட்காமல் சித்தி யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து அம்மா அவள் போனை எடுப்பதில்லை. வீடியோவில் சித்தி மன்னிப்புக் கேட்டிருந்தாள். அதை அம்மா காதில் எப்படியாவது போட்டுவிட வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

“முதல்ல எல்லாத்தையும் ஒரே ஃபார்மேட்டுக்கு மாத்து. அப்புறம் ஒட்டு,” என்றார் என் கணவர்.

“அதுக்கு ஒரு யுகம் ஆகும். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.”

“நான் ஆத்திரக்காரி.”

வந்தது வந்தபடியே வரிசையாக ஒட்டினேன். ஒரே ஃபைலாக வந்துவிட்டது. ஆரம்பத்தை ஓடவிட்டுப் பார்த்தேன், ஜம்மென்று இருந்தது. மீதியைப் பார்க்கப் பொறுமை ஏது?

அம்மா வீட்டு ஹாலில், டிவியில் போட்டோம். தம்பி மகள் பாடினாள். அவள் வாயை மூடிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. படம் முந்திக்கொண்டது, சத்தம் பின்தங்கிவிட்டது. அடுத்து சித்தி வந்தாள்; அவள் வாயசைக்க, கேட்டதோ குழந்தையின் பாட்டு. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. சித்தியைக் கண்டதுமே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கணவர் என்னைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“உன் தம்பி வந்தாச்சும்மா, திரும்பு,” என்றேன் அழாக்குறையாக.

மாமா பஸ் டிரைவர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாயையே திறக்காத ஆள். அந்தப் பெரிய மீசையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, சித்தியின் கீச்சுக்குரலில் பேசினார்:

“அக்கா, உன்னைக் கேக்காம மெஷினைக் குடுத்தது தப்புதான்க்கா. நீ பேசாம எனக்கு ஒண்ணுமே ஓடலக்கா. சண்டை போடவாவது போன் பண்ணேன்க்கா.”

பிறகு மாமா விசும்பி விசும்பி அழுதார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. சோபா குலுங்கச் சிரித்தாள். “ஐயோ, இன்னொரு தடவை போடுடி!” போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை.

“பாவி மக, அழுதிருக்காளேடி,” என்று கண்ணைத் துடைத்தாள்.

“குடு, நான் சரி பண்ணித் தர்றேன்,” என்று கணவர் லேப்டாப்பை இழுத்தார்.

“தொட்டீங்கன்னா பாருங்க மாப்பிள்ளை!”

அவரை அதட்டிவிட்டு அம்மா தன் போனை எடுத்தாள். மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை, “அக்கா?” என்று சித்தியின் குரல் கேட்டது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏண்டி, உனக்கு எப்போடி மீசை முளைச்சுது?”