அமெரிக்கத் தோட்டத்துக் கோவா

மூன்று முட்டைக்கோவாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி பாய்ந்தாள். மிச்சம் மூன்றும் தோள்பையில் கிடந்து முதுகில் குத்துவிட்டன. சந்தியில் ஒன்று நழுவி உருண்டது. துரத்திப் பிடித்தாள். பஸ்ஸுக்கு நின்ற சனம் கைதட்டியது.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவள் குடியிருக்கும் கனடியத் தெரு நேற்றிலிருந்து அமெரிக்கா. அதுவும் 1943ஆம் ஆண்டு அமெரிக்கா! சினிமாக்காரர் வந்து சன்னலெல்லாம் கொடி கட்டி, பழைய கார்களை நிறுத்தி, அப்பார்ட்மென்ட் பின்வளவில் காய்கறித் தோட்டமும் வைத்துவிட்டார்கள். படத்தின் கதைப்படி உலகப் போர். மகன் சண்டையில். தட்டுப்பாட்டைச் சமாளிக்கத் தாய் தோட்டம் செய்கிறாள்.

அந்தத் தோட்டத்து வேலிக்கு அப்பால் தொப்பி போட்டு நடந்துபோகும் தொழிலாளி யார்? சாட்சாத் ஜெகதீஸ்வரியின் கணவர் ஸ்ரீதரன். துறைமுக வேலைக்கு லீவு எடுத்து, ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட் வரையுள்ள சொந்தக்காரர் ஒருவர் மிச்சமில்லாமல் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

மத்தியானம் பார்த்தால், நேற்றுப் படம்பிடித்த ஆறு கோவாவையும் காணோம். வெறும் அடிக்கட்டைகள். தோட்டப் பொறுப்பாளர் பேனாட் தலையில் கைவைத்தார். கோவா இல்லாமல் நேற்றைய காட்சியோடு இன்றையது ஒட்டாது. வெயில் சாய்ந்தால் எல்லோரும் மூட்டைகட்ட வேண்டியதுதான், ஸ்ரீதரனின் நடையும் அம்போ. யாராவது வாங்கிவர முடியுமா என்று பேனாட் கேட்டு முடிக்குமுன் ஜெகதீஸ்வரி தமிழ்க்கடைக்குப் பாதித் தூரம் போயிருந்தாள்.

வந்த வேகத்தில் மண்ணில் முழங்காலிட்டாள். பேனாட் அடிக்கட்டையில் பார்பிக்யூ குச்சியைச் செருக, அவள் கோவாவை இருத்தினாள். ஆறாவது கொஞ்சம் குடிவெறியில் நிற்பதுபோல் சாய்ந்தது. பரவாயில்லை. கமரா ஓடியது. நடிகை அழுதாள். ஸ்ரீதரன் நெஞ்சை நிமிர்த்தி, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவர்போல நடந்தார். ஒரே எடுப்பில் சரி!

பேனாட் மெர்சி மெர்சி என்று அவள் கையைக் குலுக்கித் தள்ளிவிட்டார். வெட்டு இவ்வளவு சுத்தமாக இருப்பதால் இது ரக்கூன் பிராணியின் வேலையில்லை, கள்ளனைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று சபதமும் போட்டார்.

ஸ்ரீதரன் தொப்பியைக் கழற்றாமலே வந்தார். "எந்த அறுவான் வெட்டினவனோ. கையிலை அகப்பட்டானெண்டால் தெரியும்."

"இஞ்சேருங்கோ, மெல்லக் கதையுங்கோ."

"ஏன்?"

"கோவாவை நேற்றே படமெடுத்து முடிச்சிட்டினம், இண்டைக்கு உங்கடை நடை மட்டும்தான், உது வாடிக் குப்பைக்குத்தான் போகுமெண்டு நினைச்சிட்டன். போர்க்காலத்திலை ஒண்டையும் எறியக்கூடாதெண்டு அந்த நடிகைப் பிள்ளை நேற்று முழுக்க வசனம் பேசினவளெல்லோ."

ஸ்ரீதரன் தொப்பியைக் கழற்றினார். "அப்ப கோவா எங்கை?"

"காலமை நீங்கள் கொண்டுபோய் இவையளுக்குக் குடுத்த ரோல்ஸுக்குள்ளை. பேனாட் மட்டும் நாலு சாப்பிட்டவர்."