வயிற்றெரிச்சல்

சட்டைக் கம்பெனியில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காலரில் வைத்தபோது அக்காவின் மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து பெட்டியைப் பிடித்திராவிட்டால் சட்டையோடு கையும் வெந்திருக்கும்.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "எத்தனை வருஷமா இந்த ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"குடல்ல புண்ணு வந்ததுல இருந்துங்க. கம்பெனி டிஸ்பென்சரியில அதத்தான் குடுக்கறாங்க."

"கூடவே கால்சியம், வைட்டமின் டி?"

"ஒண்ணும் இல்லைங்க. பால் குடிச்சா வயித்தால போகுதுன்னு அதையும் விட்டுட்டேன்."

"மாத்திரை எலும்ப அரிச்சிருக்கும்மா. குடலும் சத்த ஒழுங்கா இழுக்கல. அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க. வைட்டமின் எழுதியிருக்கேன். வெயில்லயும் கொஞ்சம் உக்காருங்க."

துணைக்கு வந்த தங்கை தலைகுனிந்து இருந்தாள். அவளுக்கும் இதே நோய்தான். அக்காவுக்கு வந்த மறுவருஷமே வந்தது. அதே கம்பெனியில் மாடியில் கணக்கு எழுதுகிறாள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "உனக்கு இதெல்லாம் சொன்னாங்களா?"

"ஆரம்பத்துலயே எலும்பு ஸ்கேன் எடுத்தாங்கக்கா. ஆபீஸ் ஸ்டாஃபுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குல்ல? ஸ்டீராய்டு கொஞ்ச நாள்தான், அப்புறம் ஊசிக்கு மாத்திட்டாங்க. உனக்கும் அப்படித்தான் பாக்கறாங்கன்னு நெனச்சேன்."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. இந்த எரிச்சலுக்கு டிஸ்பென்சரியில் மாத்திரை கிடையாது. குதிகால் செருப்பில் விறுவிறுவென்று நடக்கும் தங்கையின் நிமிர்ந்த முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால்தான் அந்த நிமிர்வு என்று இத்தனை நாளும் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

தங்கை பையிலிருந்து தன் வைட்டமின் மாத்திரை அட்டையை எடுத்தாள். "வாங்கற வரைக்கும் இத வெச்சுக்கோக்கா."

"உன் மிச்சம் மீதி எனக்கு எதுக்கு? போடி!"

தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று. அக்காவுக்கு அது ஒரு கணம் இனித்தது, பிறகு கசந்தது.

மறுநாள் ஒற்றைக் கையால் பித்தான் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். துணி வெளுத்துவிடும் என்று அந்தக் கூடத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா முற்றத்தில் வெயில் விழுந்த ஒரே மூலையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள். முதுகில் சூடு ஏறத் தொடங்கியது.

"எந்திரிம்மா, மேனேஜர் கார் வருது," என்று வாட்ச்மேன் விரட்டினான்.

அவள் சுவரோரம் ஒதுங்கினாள். கார் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மொட்டை மாடியில் ஆபீஸ்காரர்கள் மார்கழி வெயிலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவரருகே தங்கை எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்து, கீழே நிழலுக்குள் யாரையோ தேடினாள்.